கம்பவுண்டரம்மாவும் சதுரச் சீசாவும்

"இந்தச் சட்டத்தை எழுதின மகராசனே வயித்துவலின்னு வந்து நின்னாலும், கலக்கிக் கொடுக்கப் போறது இந்தக் கைதான். என் கைக்கு அவுன்ஸ் கிளாசு வேணாம். என் சீசாவைச் சரிபார்க்க இன்னொரு கண்ணும் வேணாம். அப்படி ஒரு கண்ணை நானே தேடுற நாள் வந்தா, அன்னைக்கே இந்தக் கவுண்டரை விட்டு இறங்கி ஏலக்காய்க் கடையில காய் பொறுக்கப் போயிர்றேன்."

போடிநாயக்கனூர் கடைத்தெருவில், ஜேசுதாஸ் மருந்துக்கடையின் கவுண்டருக்குப் பின்னால் நின்று கம்பவுண்டர் ஜெயபாக்கியம் இந்தப் பிரகடனத்தை வெளியிட்ட நாள் சந்தை நாள். சபையில் இருந்தவர்கள் இருமல்காரர் இருவர், சொறிசிரங்குக்காரர் ஒருவர், சிலமலையிலிருந்து ஆடு ஓட்டி வந்த பெரியவர் ஒருவர், அந்த ஆடு. மனிதர்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஆடு மட்டும் யோசித்துச் சொல்கிறேன் என்பதுபோல நின்றது. ஊரில் அன்று நிதானத்தோடு இருந்த ஜீவன் அது ஒன்றுதான் என்பது பின்னால் தெரியவந்தது.

யுத்தத்துக்காகப் பிடுங்கிக்கொண்டு போன தண்டவாளத்தைச் சர்க்கார் திரும்பப் போட்டு, மதுரை ரயில் மறுபடி போடிக்கு வந்து புகைவிடத் தொடங்கியிருந்த சமயம் அது. அந்த ரயில் கொண்டுவந்த சாமான்களில் ஒன்று சட்டம். டில்லியில் பிறந்து, சென்னையில் தவழ்ந்து, மதுரையில் நடை பழகி, ஒருவழியாகப் போடிக்கு வந்து இறங்கியது. மருந்து கலக்குகிறவர்கள் எல்லோரும் இனிப் பெயர் பதிந்துகொள்ள வேண்டும்; பதியாதவர் கலக்கக் கூடாது. பட்டம் வாங்காதவர்களுக்கும் சட்டம் ஒரு சந்து விட்டிருந்தது. இன்னார் இத்தனை வருஷமாக இந்த வேலையைச் செய்கிறார், செய்யத் தெரிந்தவர் என்று ஒரு டாக்டர் கையெழுத்திட்டுத் தர வேண்டும்.

"ஒரு கையெழுத்துத்தானே, பாக்கியம். வாங்கிட்டு வந்திரு" என்றார் ஜேசுதாஸ். கடை அவருடையது. சோப்பும் பவுடரும் பால்புட்டியும் விற்பது அவர் பங்கு. மருந்து விஷயத்தில் தனக்கு ஒன்றும் தெரியாது என்று வருகிறவர்களிடம் எல்லாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் நேர்மையாளர்.

"யாருகிட்ட வாங்க?" என்றார் ஜெயபாக்கியம்.

அங்கேதான் சிக்கல். ஜெயபாக்கியத்துக்கு வேலை கற்றுக் கொடுத்த மிஷன் ஆஸ்பத்திரி வெள்ளைக்கார டாக்டர், தேசம் சுதந்திரம் அடைந்த கையோடு தானும் சுதந்திரம் அடைந்து கப்பல் ஏறிவிட்டார். இப்போது கடைக்குச் சீட்டு எழுதி அனுப்புகிறவர் டாக்டர் கிரேஸ். மதுரைப்பக்கத்துப் பெண். ஜெயபாக்கியம் கம்பவுண்டர் ஆனபோது கிரேஸ் சிலேட்டில் எழுதிப் பழகிக்கொண்டிருந்திருப்பார். அவரிடம் போய் நின்று, எனக்கு வேலை தெரியும் என்று எழுதிக் கொடுங்கள் என்று கேட்பதா?

ஜெயபாக்கியத்தின் தகுதி என்ன என்பதை இங்கே சொல்லிவிடுவது நல்லது. சட்டம் கேட்காவிட்டாலும் வாசகர் கேட்பார். சிலமலையில் கூலிவேலை செய்த குடும்பத்தில் பிறந்து, மிஷன் ஆஸ்பத்திரியில் சீசா கழுவப் போனவர் அவர். கழுவின சீசாவில் என்ன ஊற்றுகிறார்கள் என்று எட்டிப்பார்த்தார். எட்டிப்பார்த்ததற்குத் திட்டு வாங்கினார். திட்டு வாங்கிக்கொண்டே பார்த்தார். கடைசியில் திட்டினவரே கூப்பிட்டு மருந்து இடிக்கும் கல்வத்தைக் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து ஜெயபாக்கியம் யாருக்கும் தலைகுனிந்ததில்லை. மாத்திரைத்தூள் இடிக்கும்போது குனிவது கணக்கில் வராது.

அந்தக் காலத்தில் தண்ணி மருந்து வாங்குகிறவர் சீசாவைத் தானே கொண்டுவர வேண்டும். சீசாவின் முதுகில் கம்பவுண்டர் ஒரு காகிதக் கீற்றை ஒட்டுவார். நீளவாட்டில் மடித்து, ஓரத்தைக் கத்திரிக்கோலால் கடித்துக் கடித்து வெட்டிய கீற்று. பிரித்தால் ஏணி மாதிரி இருக்கும். ஒரு படி ஒரு வேளை மருந்து, ஓர் அவுன்ஸ். எழுத்துத் தெரியாதவரும் காலையில் ஒரு படி, மத்தியானம் ஒரு படி, ராத்திரி ஒரு படி என்று இறங்கலாம். அடித்தட்டுக்கு வந்து சேரும்போது காய்ச்சலும் இறங்கியிருக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

முறைப்படி செய்வதானால், அவுன்ஸ் கிளாஸால் அளந்து சீசாவில் தண்ணீர் ஊற்றி, ஒவ்வோர் அவுன்சுக்கும் எங்கே கோடு வருகிறது என்று பார்த்துத்தான் கீற்றை வெட்ட வேண்டும். ஜெயபாக்கியம் அதையெல்லாம் கடந்தவர். சீசாவை ஒரு பார்வை பார்ப்பார். வெட்டுவார். ஒட்டுவார். மருந்தை மேல்படி வரைக்கும் ஊற்றி, "சீசாவைக் குலுக்கிக் குடி" என்று நீட்டுவார். ஊரும் இதை ரசித்தது. போடியில் ஏலக்காய் வியாபாரிகள் ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்தே தரம் சொல்கிறவர்கள். தராசை எடுப்பதே சந்தேகப் பிராணிகளின் வேலை என்று நினைக்கிற ஊர். அப்படிப்பட்ட ஊரில் அவுன்ஸ் கிளாசைத் தூக்கிப் பிடிக்கும் கம்பவுண்டரை யார் மதிப்பார்கள்? ஜெயபாக்கியத்தின் அவுன்ஸ் கிளாசில் பல வருஷமாகக் கத்திரிக்கோலும் கோந்துக் குச்சியும் குடியிருந்தன.

இருந்தாலும் கடைக்காக ஒருநாள் சாயங்காலம் டாக்டரம்மா வீட்டுக்குப் போனார். கையெழுத்துக் கேட்கப் போகவில்லை. கையெழுத்துப் போட ஒரு வாய்ப்புக் கொடுக்கப் போனார்.

"உங்களுக்கு வேலை தெரியாதுன்னு நான் சொல்லலைம்மா" என்றார் கிரேஸ். "கடைக்கு ஒருநாள் காலையில வர்றேன். நீங்க கலக்குறதை, அளக்குறதைப் பக்கத்துல நின்னு பார்க்கிறேன். அப்புறம் போட்டுத் தர்றேன். பார்க்காததுக்கு நான் கையெழுத்துப் போடுறதில்லை."

"பார்க்காத கர்த்தருக்குத் தினமும் முழங்கால் போடுறீங்களே டாக்டரம்மா."

"அவர் என்கிட்ட கையெழுத்துக் கேக்கலையே."

பதில் சரியாகத்தான் இருந்தது. அதனாலேயே ஜெயபாக்கியத்துக்குக் கோபம் இன்னும் ஏறியது. "நான் மருந்து கலக்கி இந்த ஊர்ல பாதிப்பேரு பிழைச்சுக் கிடக்காங்க. அவுகளைப் பாருங்க. என்னைப் பார்க்க நான் என்ன கல்யாணப் பொண்ணா?" என்று சொல்லிவிட்டு, கொடுத்த காப்பியைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டார். காப்பியைக் குடிக்காமல் வருவது எங்கள் பக்கத்தில் போர்ப் பிரகடனத்துக்கு ஒரு படிதான் கீழே.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் கணவர் தங்கபாண்டியன் மாட்டினார். அவர் ஏலக்காய்க் கடையில் தராசுக்காரர். ஊர் மதிக்காத உத்தியோகம்.

"எங்க கடைத் தராசு நான் பழகினதுதான்" என்றார், ரசத்தைப் பார்த்துக்கொண்டே. "ஆனாலும் தினமும் காலையில தட்டைத் துடைச்சுட்டு முள்ளு நேரா நிக்குதான்னு பார்த்துட்டுத்தான் நிறுப்பேன். ஒருநாளும் அது என்மேல கோவிச்சுக்கிட்டதில்லை."

"நான் தராசா?"

"இல்லை. தராசு பேசாது."

பெயர் பதியக் கெடு நெருங்கியது. ஜேசுதாஸ் வேறு ஆள் பார்க்கலாமா என்று வாயைத் திறக்காமல் கண்ணால் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். ஜெயபாக்கியம் அசையவில்லை. கவுண்டரில் வழக்கத்தைவிட உயரமாக நின்றார். வருகிறவர்களுக்கு மருந்தோடு சேர்த்துச் சட்டத்தைப் பற்றி ஒரு வேளைச் சொற்பொழிவும் கொடுத்தார். அதற்குக் கீற்று ஒட்டுவதில்லை, அளவும் இல்லை. கவுண்டர் போனால் தனக்கு என்ன மிச்சம் என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கழுவுவதற்குச் சீசா மட்டும்தான் மிச்சம். அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

இந்த இடத்தில்தான் சதுரச் சீசா கதைக்குள் வருகிறது.

சென்னை ராஜ்யத்தில் அப்போது மதுவிலக்கு. போடிமெட்டைத் தாண்டினால் திருவிதாங்கூர்-கொச்சி. அங்கே போன தமிழ்த் தொண்டைகள் சில நனைந்து திரும்பின. நனைத்த பிறகு மிஞ்சிய காலிச் சீசாக்கள், ஏலத்தோட்டத்து ஆட்களோடு ஜீப்பில் இறங்கி, பாவம் தொலைக்க மருந்துக்கடைக்கு வந்தன. அவற்றில் ஒரு ஜாதி நாலுபக்கமும் தட்டையான சதுரச் சீசா. நேரே வைத்துப் பார்த்தால் மிஷன் ஆஸ்பத்திரியின் பழைய உருண்டைச் சீசாவுக்கு உடன்பிறந்த தம்பி. அதே அகலம், அதே உயரம். ஜெயபாக்கியத்தின் கண்ணும் அப்படித்தான் தீர்ப்புச் சொன்னது. உருண்டைச் சீசாவுக்கு வெட்டும் கீற்றையே ஒட்டி, மலைக்காய்ச்சலுக்கான கொயினா மருந்தை ஊற்றி மலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் மத்தியானம் மொக்கச்சாமி வந்தான். தோட்டத்து ஆட்களைப் போடிமெட்டுக்கு ஏற்றிப் போகும் ஜீப்பின் டிரைவர். பட்டாளம் கழித்துக் கட்டிய ஜீப்பு அது. பாட்டரி செத்துவிட்டதால் முன்னால் இரும்புக் கம்பியைச் செருகிச் சுற்றினால்தான் உயிர் வரும். அந்தக் கம்பியைச் செங்கோல் மாதிரி கையிலேயே வைத்திருப்பான். மறுகையில் காலியான சதுரச் சீசா.

"இன்னொரு சீசா ஊத்துங்கக்கா, வெரசா. லோடு காத்திருக்கு. ஆனா சும்மா சொல்லக்கூடாது, உங்க மருந்துதான் மருந்து. குடிச்ச மறுநாள்லருந்து காதுக்குள்ள வண்டு பாடுது. அம்புட்டு வேகம்."

"கொயினா சாப்பிட்டா காது இரையத்தான் செய்யும்" என்றார் ஜெயபாக்கியம். கை அதுபாட்டுக்குக் கீற்றை எடுத்தது.

"அதான் தெரியுமே. நேத்து கொண்டை ஊசி வளைவுல எதுக்க லாரிக்காரன் ஹாரன் அடிச்சிருக்கான். எனக்குக் கேக்கவே இல்லை. பள்ளத்துக்கும் எனக்கும் ஒரு முழம். அவன் இறங்கி வந்து வஞ்சான் பாருங்க, அதுவும் பாதிதான் கேட்டுச்சு. பரவாயில்லை, லாபம்தான்."

வாசலில் ஜீப்பு நின்றது. பின்னால் ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி மடியில் பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

ஜெயபாக்கியம் கீற்றில் கோந்தைத் தடவி ஒட்டப் போனார். சீசாவைப் பிடித்திருந்த கட்டைவிரல் ஒரு மூலையில் இடித்தது. விரலை நகர்த்தினார். இன்னொரு மூலை. உருண்டைச் சீசாவுக்கு மூலை கிடையாது.

கை நின்றது.

"இரு" என்றார். அவுன்ஸ் கிளாசிலிருந்து கத்திரிக்கோலையும் கோந்துக் குச்சியையும் குடியெழுப்பினார். கிளாசைக் கழுவினார். சீசாவில் பழைய கீற்று இன்னும் ஒட்டியிருந்தது. மேல்படி வரைக்கும் தண்ணீர் ஊற்றி, அங்கிருந்து ஒரு படி அளவை மட்டும் கிளாசில் சாய்த்தார். தண்ணீர் ஓர் அவுன்ஸ் கோட்டைத் தொட்டது. தொட்டுவிட்டு, யாரையும் கேட்காமல், மேலே போய் நின்றது.

கிளாசு கோளாறு என்று முதலில் நினைத்தார். நினைப்பது அவர் உரிமை. உள்ளே போய் மிஷன் காலத்து உருண்டைச் சீசா ஒன்றைக் கொண்டுவந்து அதே கீற்றை ஒட்டி ஊற்றிப் பார்த்தார். கோட்டில் வந்து மூச்சுப்பிடித்த மாதிரி நின்றது. கண் பொய் சொல்லவில்லை. உருண்டைச் சீசாவில் படித்த பாடத்தைத்தான் ஒப்பித்திருக்கிறது. மறுபடி சதுரச் சீசா. மறுபடி கோட்டுக்கு மேலே கால்வாசி. நாலு மூலையிலும் மருந்து ஒளிந்துகொண்டு, ஒவ்வொரு வேளையும் கூடுதலாக இறங்கியிருக்கிறது. எத்தனை சதுரச் சீசா மலைக்குப் போயிருக்கும் என்று ஜெயபாக்கியம் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். விரல் போதவில்லை.

மொக்கச்சாமி பொறுமையிழந்து கவுண்டரில் கம்பியை வைத்துவிட்டு எட்டிப்பார்த்தான். ஜெயபாக்கியம் கம்பியை எடுத்தார். எடுத்து, பின்னால் விஷமருந்து அலமாரியைத் திறந்து, உள்ளே வைத்துப் பூட்டினார்.

"அக்கா, என்ன செய்றீக?"

"நீ இன்னைக்கு ஜீப்பு ஓட்டக் கூடாது."

"என்னது?"

ஜெயபாக்கியம் அக்கம்பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, தன் ஆயுளில் முதல்முறையாக அந்த வாக்கியத்தைச் சொன்னார். "மருந்து கூடிப்போச்சு. என் தப்பு."

"கேக்கலைக்கா. வண்டு பாடுதுல்ல."

"அளவு கூடிப்போச்சுடா. நான்தான் கூட ஊத்திட்டேன்."

"எதை ஊத்திட்டீக?"

காதைக் கெடுத்தவரே காதுக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலை. ஜெயபாக்கியம் மூச்சை இழுத்து, கடைத்தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "கொயினா மருந்தை அளவுக்கு மேல ஊத்திட்டேன். தப்பு என்னுது. காது தெளியிற வரைக்கும் நீ வண்டியைத் தொடக்கூடாது."

எதிர்க்கடையில் புகையிலை மடித்தவர் மடிப்பை நிறுத்தினார். ஜேசுதாஸ் பால்புட்டி அடுக்குவதை விட்டுவிட்டுத் திரும்பினார். ஜெயபாக்கியம் இடுப்பில் கைவைத்து எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "என்ன பார்வை? உங்க கடையில தப்பு நடந்ததே இல்லையா? சோலியைப் பாருங்க."

தெரு சோலியைப் பார்த்தது. தப்பை ஒப்புக்கொள்ளும்போதுகூட மற்றவர்களைக் குற்றவாளியாக நிற்கவைக்கும் கலை அவருக்குக் கைவந்திருந்தது.

வேறொரு டிரைவர் வந்து கம்பியை வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றிப் போனார். அவரிடமும் மலையேறும் எல்லா ஜீப்பிலும் ஜெயபாக்கியம் சொல்லியனுப்பினார்: சதுரச் சீசாவில் கொயினா வாங்கினவர்கள் அடுத்த வேளை குடிக்காமல் சீசாவைக் கொண்டுவர வேண்டும். வந்த வண்டியிலெல்லாம் பிராந்திச் சீசாவாக இறங்குவதைப் பார்த்துப் போடிமெட்டுச் சோதனைச்சாவடிக் காவலர்கள் ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்தார்கள். ஒருவர் கடமையுணர்ச்சி மிகுந்து ருசியும் பார்த்தார். அவர் முகம் நேராக வெகுநேரம் பிடித்ததாகக் கேள்வி. அதன்பிறகு சீசாக்கள் தடையில்லாமல் வந்தன.

மொக்கச்சாமியை டாக்டர் கிரேசிடம் ஜெயபாக்கியமே கூட்டிக்கொண்டு போனார். சதுரச் சீசாவையும் கூடவே கொண்டுபோய் மேசையில் வைத்தார். நடந்ததைச் சொன்னார். அலங்காரம் இல்லாமல் சொன்னார்.

கிரேஸ் அவன் காதைப் பார்த்தார். "மருந்தை நிறுத்தினா தெளிஞ்சிரும். சிலருக்குச் சரியான அளவுலயே இப்படி இரையும்மா. இது உங்களாலதான்னு உறுதியாச் சொல்ல முடியாது."

வெளியே வர ஒரு வாசல் திறந்திருந்தது. ஜெயபாக்கியம் அந்த வாசலைப் பார்த்தார். அதன் வழியாகப் போகவில்லை.

"சொல்ல முடியாதுன்னா அளந்து பாருங்க டாக்டரம்மா. நான் அளந்து பார்த்துட்டேன்." பிறகு எழுந்தார். "நாளைக்குக் காலையில கடைக்கு வாங்க. வந்து நின்னு பாருங்க. ஆனா ஒண்ணு. உங்களுக்காக நான் மெதுவாவும் செய்ய மாட்டேன், வேகமாவும் செய்ய மாட்டேன்."

"காப்பி?" என்றார் கிரேஸ்.

ஜெயபாக்கியம் உட்கார்ந்து குடித்தார். சர்க்கரை அளவு கூடுதல் என்று குறை சொல்லிவிட்டுக் குடித்தார்.

மறுநாள் கிரேஸ் வந்தார். கூட்டத்தோடு நின்று, ஜெயபாக்கியம் ஒவ்வொரு சீசாவிலும் தண்ணீர் அளந்து ஊற்றிக் கோடு வைத்து, கீற்று வெட்டி, மருந்து கலந்து கொடுப்பதைப் பார்த்தார். ஒரு சீசாவுக்கு ஆகும் நேரத்தில் முன்னே நாலு சீசா போயிருக்கும். வரிசை முணுமுணுத்தது. "முணங்குறவுக வீட்டுக்குப் போய்க் கசாயம் வச்சுக் குடிங்க" என்றார் கம்பவுண்டர். யாரும் போகவில்லை. கிரேஸ் இரண்டு இடத்தில் கேள்வி கேட்டார். ஒன்றுக்கு ஜெயபாக்கியம் பதில் சொன்னார். இன்னொன்றுக்கு, "தெரியலை, புஸ்தகம் பார்த்துச் சொல்றேன்" என்றார். அந்த இரண்டாவது பதிலைக் கேட்ட பிறகுதான் கிரேஸ் பேனாவைத் திறந்தார்.

கையெழுத்து ஆயிற்று. டாக்டரம்மா குடையை எடுத்துக்கொண்டு போனார். சட்டம் கேட்பதற்கு இனி எதுவும் பாக்கி இல்லை. வரிசையும் கரைந்து, கடைசியாகச் சிலமலைப் பெரியவர் மட்டும் பேத்திக்குக் காய்ச்சல் என்று நின்றார். இந்தத் தடவை ஆடு வரவில்லை. கையில் வைத்திருந்தது வளைந்து நெளிந்த ஒரு பச்சைச் சீசா. உருண்டையும் இல்லை, சதுரமும் இல்லை.

ஜெயபாக்கியம் அவுன்ஸ் கிளாசில் தண்ணீரை ஊற்றிக் கண்ணுக்கு நேரே பிடித்தார். ஒருமுறை பார்த்தார். இன்னொருமுறை பார்த்தார். பிறகு கவுண்டரின் அந்தக் கோடிக்கு நகர்ந்து, சோப்பு அடுக்கிக்கொண்டிருந்தவர் முன்னால் கிளாசை வைத்தார்.

"அண்ணே. தண்ணி கோட்டுல நிக்குதான்னு கொஞ்சம் பாருங்க."

ஜேசுதாஸ் நிமிர்ந்தார். காய் பொறுக்குவது பற்றி ஏதோ ஒரு வார்த்தை அவர் உதடு வரைக்கும் வந்தது. ஜெயபாக்கியத்தின் முகத்தைப் பார்த்து, அந்த வார்த்தையைத் திரும்ப விழுங்கினார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, குனிந்து, கிளாசுக்கு நேராகக் கண்ணை வைத்தார்.

"ஒரு மயிரிழை மேல நிக்குது பாக்கியம்."

ஜெயபாக்கியம் மயிரிழையளவு தண்ணீரைச் சிந்தவிட்டு, கிளாசை மறுபடி அவர் முன்னால் வைத்தார்.